ஆண்டுக் கட்டணம் கட்டும் கிரெடிட் கார்டு: வைத்திருப்பதா, திருப்பிக் கொடுப்பதா?

 

கல்வி உதவி, மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில், குடும்பத்தின் கடன் விவரம் எழுத ஓர் இடம் விட்டிருக்கிறோம். முன்பெல்லாம் அந்த இடத்தில் நகைக்கடன், கைமாற்று, கடை பாக்கி என்றுதான் எழுதி வரும். இப்போது கிரெடிட் கார்டு பாக்கி என்றும் எழுதி வருகிறது. உதவி கேட்பவர்கள் மட்டுமல்ல, உதவி செய்யும் நிலையில் உள்ள வியாபாரிகள், கம்பெனி வேலையில் உள்ள பிள்ளைகள் ஆகியோரும் ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள்: "பேங்கில் இருந்து பெரிய கார்டு கொடுத்திருக்கிறார்கள். வருடக் கட்டணம் ஆயிரக்கணக்கில் வருகிறது. இதை வைத்துக்கொள்ளலாமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா?"

இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் தம் பதிலைத் தாமே கண்டுபிடிக்க உதவும் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில், வட்டியைப் பற்றி

கட்டணக் கணக்குக்குப் போகும் முன் பேச வேண்டிய விஷயம் இது. கிரெடிட் கார்டில் கட்டணம் வேறு, வட்டி வேறு. இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக் கொள்கிறார்கள்.

ஆண்டுக் கட்டணம் என்பது ஒரு சேவைக்கு நாம் கொடுக்கும் விலை. வட்டி என்பது, கெடு தேதிக்குள் பில்லை முழுமையாகக் கட்டாமல் விட்டால் அந்தக் கடன் மீது ஏறுவது. இஸ்லாமிய நாடுகளின் சார்பில் இயங்கும் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 2000ஆம் ஆண்டு ரியாத் மாநாட்டில் இதைப் பற்றி முடிவு சொல்லியிருக்கிறது. உண்மையான சேவைக்காக வாங்கும் நிலையான கட்டணத்தை அது அனுமதித்தது. ஆனால் தாமதமானால் வட்டி என்று ஒப்பந்தத்திலேயே நிபந்தனை உள்ள கார்டை, கெடுவுக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது என்றது. அதே சமயம், தேவை உள்ளவர் வட்டி விழாதபடி ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் கட்டிவிடுவது உறுதி என்றால் பயன்படுத்தலாம் என்று கூறும் ஆலிம்களும் இருக்கிறார்கள். இதில் தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. உங்கள் ஊர் ஆலிம்களிடம், உங்கள் கார்டின் நிபந்தனைகளைக் காட்டிக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் வட்டி கட்டும் நிலைக்குப் போகக் கூடாது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

உலகக் கணக்காகப் பார்த்தாலும் அதுதான் சரி. நம் நாட்டில் பல கார்டுகளில் வட்டி மாதம் 3.5 சதவீதத்தில் இருந்து 3.75 சதவீதம் வரை இருக்கிறது. மாதம் 3.75 என்றால் வருடத்திற்கு 45 சதவீதம். அந்த வட்டியின் மீது 18 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு. சேர்த்துப் பார்த்தால் வருடத்திற்கு 53 சதவீதத்தைத் தாண்டுகிறது. வட்டிக்கடைக்காரரைக் குறை சொல்லும் நாம், சட்டைப் பையில் இருக்கும் கார்டில் இந்த விகிதத்தைக் கவனிப்பதில்லை.

30 சதவீதத்திற்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் ஓர் உத்தரவு போட்டது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. எனவே சட்டம் உச்சவரம்பு வைத்துக் காப்பாற்றும் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம்.

மினிமம் டியூ என்னும் பொறி

பில்லில் இரண்டு தொகைகள் அச்சாகியிருக்கும். ஒன்று மொத்தத் தொகை. மற்றொன்று மினிமம் டியூ என்னும் குறைந்தபட்சத் தொகை. குறைந்தபட்சத்தைக் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, அவ்வளவுதான். வட்டி விழும்.

பில் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதமான 2,000 ரூபாயை மட்டும் கட்டுகிறீர்கள். மீதி 38,000 ரூபாய். அதற்கு மாதம் 3.75 சதவீதம் என்றால் 1,425 ரூபாய். அதன் மீது ஜிஎஸ்டி 256 ரூபாய். ஆக மொத்தம் ஒரு மாதத்திற்கு 1,681 ரூபாய். நீங்கள் கட்டிய 2,000 ரூபாயில் பெரும்பகுதியை அடுத்த மாத வட்டியே விழுங்கிவிட்டது. இதுவும் குறைத்துச் சொன்ன கணக்குதான். உண்மையில் வட்டி கெடு தேதியில் இருந்து அல்ல, பொருள் வாங்கிய நாளில் இருந்தே கணக்கிடப்படும். பழைய பாக்கி ஒரு ரூபாய் இருந்தாலும், புதிதாக வாங்கும் பொருள்களுக்கு 'வட்டியில்லாக் காலம்' கிடைக்காது. ஏடிஎம்மில் கிரெடிட் கார்டு போட்டுப் பணம் எடுத்தால் எடுத்த நாளில் இருந்தே வட்டி, அதோடு தனிக் கட்டணமும் உண்டு.

ஆகவே முதல் விதி இது: கடந்த 12 மாதப் பில்களை எடுத்துப் பாருங்கள். ஒரு மாதமாவது வட்டி என்ற வரி இருந்தால், லாப நஷ்டக் கணக்கே போட வேண்டாம். பாக்கியை அடைத்துவிட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுங்கள். கீழே வரும் கணக்கு, ஒவ்வொரு மாதமும் முழுமையாகக் கட்டுபவர்களுக்கு மட்டும்தான்.

கட்டணக் கணக்கு

'முதல் வருடம் இலவசம்' என்று கொடுக்கப்படும் கார்டுக்கு இரண்டாம் வருடம் கட்டணம் வரும். விளம்பரத்தில் 5,000 என்று இருந்தால் பில்லில் 5,900 வரும். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்வதே காரணம். 10,000 என்றால் 11,800.

இந்தக் கட்டணத்திற்கு ஈடாக என்ன கிடைக்கிறது? வங்கிகள் ஒரு பட்டியல் தருவார்கள். விமான நிலைய லவுஞ்ச், ரிவார்டு பாயிண்ட், ஓட்டல் தள்ளுபடி, இன்ஷூரன்ஸ், சினிமா டிக்கெட், கோல்ஃப் என்று நீளும். பட்டியலின் மதிப்பு 50,000 ரூபாய், 1 லட்ச ரூபாய் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்குத் தேவையில்லாத பொருளைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அது நமக்குச் செலவுதான். கோல்ஃப் ஆடாதவருக்குக் கோல்ஃப் சலுகையின் மதிப்பு பூஜ்யம்.

எனவே இரண்டு கேள்விகளை ஒவ்வொரு சலுகைக்கும் கேளுங்கள். ஒன்று, கடந்த ஆண்டு இதை நான் உண்மையில் எத்தனை தடவை பயன்படுத்தினேன்? இரண்டு, இந்தக் கார்டு இல்லாவிட்டால் அதற்கு நான் கைப்பணம் எவ்வளவு செலவழித்திருப்பேன்?

ஓர் உதாரணம் பார்ப்போம். கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு சகோதரர். கட்டணம் 5,900 ரூபாய். கார்டில் வருடச் செலவு 4 லட்சம். ஒவ்வொரு மாதமும் பில்லை முழுமையாகக் கட்டிவிடுகிறார்.

லவுஞ்ச்: வருடத்தில் மூன்று முறை போனார். லவுஞ்ச் இல்லாவிட்டால் விமான நிலையத்தில் டிபன், டீ என்று தடவைக்கு 300 ரூபாய் செலவழித்திருப்பார். எனவே மதிப்பு 900 ரூபாய். இப்போது பல கார்டுகளில், முந்தைய மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் லவுஞ்ச் என்று நிபந்தனை வந்துவிட்டது. உங்கள் கார்டில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாயிண்ட்: இந்தக் கார்டில் செலவுக்கு 2 சதவீதம் கிடைக்கிறது, அதாவது 8,000 ரூபாய். உடனே 8,000 லாபம் என்று எழுதிவிடக் கூடாது. கட்டணமே இல்லாத சாதாரணக் கார்டிலும் 1 சதவீதம், அதாவது 4,000 ரூபாய் கிடைக்கும் என்றால், கட்டணம் கட்டியதால் கிடைத்த கூடுதல் லாபம் 4,000 மட்டுமே.

வெளிநாட்டுச் செலவு: அந்த வருடம் குடும்பத்தோடு உம்ராவுக்குப் போனார். மக்காவிலும் மதீனாவிலும் கார்டில் செலவழித்தது 60,000 ரூபாய். அந்நியச் செலாவணிக் கூடுதல் கட்டணம் சாதாரணக் கார்டில் 3.5 சதவீதம், இந்தக் கார்டில் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டியோடு முதலாவது 2,478 ரூபாய், இரண்டாவது 1,416 ரூபாய். மிச்சம் 1,062 ரூபாய்.

கூட்டிப் பாருங்கள். 900, 4,000, 1,062 சேர்த்து 5,962 ரூபாய். கட்டணம் 5,900. வருடம் முழுவதும் கவனமாகப் பயன்படுத்தி இவருக்குக் கிடைத்த நிகர லாபம் 62 ரூபாய்!

அடுத்த வருடம் உம்ரா இல்லை என்றால் 1,000 ரூபாய் நஷ்டம். பாயிண்ட்களில் பாதியைப் பயன்படுத்தாமல் காலாவதியாக விட்டால் நஷ்டம் இன்னும் பெரிது. வருடச் செலவு 4 லட்சத்துக்குப் பதில் 8 லட்சம் உள்ள வியாபாரிக்கு இதே கார்டு லாபமாக இருக்கலாம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கிறார் என்பது நமக்கு ஒரு காரணம் ஆகாது. அவர் செலவு வேறு, நம் செலவு வேறு.

'இவ்வளவு செலவழித்தால் கட்டணம் இல்லை'

பல கார்டுகளில் வருடத்திற்குக் குறிப்பிட்ட தொகைக்குச் செலவழித்தால் அடுத்த வருடக் கட்டணம் தள்ளுபடி. இயல்பாகவே அந்த அளவு செலவு உள்ளவருக்கு இது நன்மை. மளிகை, பள்ளிக் கட்டணம், இன்ஷூரன்ஸ், கடைக்குச் சரக்கு வாங்குதல் போன்றவற்றிலேயே அந்தத் தொகை நிறைந்துவிடும் என்றால் சரி.

ஆனால் எல்லை 5 லட்சம், வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது செலவு 4 லட்சத்து 40 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 60,000 ரூபாய்க்கு ஒரு போனை வாங்கிவிட்டு, 5,900 ரூபாயை மிச்சப்படுத்தியதாகச் சந்தோஷப்படுபவர்கள் உண்டு. கட்டணத்தைக் காப்பாற்றுவதற்காகக் கட்டணத்தைப் போல் பத்து மடங்கு செலவழிப்பது சிக்கனம் அல்ல, அது வீண் விரயம். அந்த 5,900 ரூபாயைக் கட்டிவிட்டுச் சும்மா இருந்திருந்தால்கூடக் கையில் 54,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

வாடகை, பணப்பை ரீசார்ஜ், பெட்ரோல் போன்ற சில செலவுகள் இந்தக் கணக்கில் சேராது என்றும் பல கார்டுகளில் விதி இருக்கிறது. நிபந்தனைத் தாளைப் படிக்காமல் எல்லையை எட்டிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

வைத்திருப்பதற்கும் விடுவதற்கும் நடுவில் ஒரு வழி

கார்டை மூடுவதற்கு முன் வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி, இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா? நல்ல முறையில் கட்டிவரும் வாடிக்கையாளரை இழக்க வங்கிகள் விரும்புவதில்லை, பல நேரம் முழுமையாகவோ பாதியோ தள்ளுபடி தருவார்கள். ஆனால் தள்ளுபடிக்குப் பதிலாக இன்னும் இவ்வளவு செலவழியுங்கள் என்று நிபந்தனை போட்டால் மேலே சொன்ன போன் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, இதே கணக்கைக் கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தர முடியுமா? இது பலருக்கும் நல்ல வழி. ஏன் என்பதை அடுத்துப் பார்ப்போம்.

மூடினால் சிபில் ஸ்கோர் குறையுமா?

இந்தப் பயத்தால்தான் பலர் தேவையில்லாத கார்டுக்கு வருடாவருடம் கட்டணம் கட்டுகிறார்கள். ஸ்கோர் என்பது 300 முதல் 900 வரையிலான ஓர் எண். அதில் முக்கியமானது, பாக்கியை ஒழுங்காகக் கட்டினீர்களா என்பது. மற்றொன்று, உங்களுக்குள்ள மொத்த லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பது.

இரண்டு கார்டு, ஒன்றில் லிமிட் 2 லட்சம், மற்றதில் 1 லட்சம். மாதச் செலவு 60,000 ரூபாய் என்றால் பயன்பாடு 20 சதவீதம். 2 லட்ச ரூபாய் கார்டை மூடினால் அதே செலவு 60 சதவீதமாகத் தெரியும். இதனால் ஸ்கோர் சற்று இறங்கலாம். ஒழுங்காகக் கட்டிவந்தால் காலப்போக்கில் சரியாகிவிடும். பிள்ளையின் கல்விக் கடனுக்கோ வேறு கடனுக்கோ விண்ணப்பம் போட்டு, அது முடிவாகும் தறுவாயில் இருந்தால், அது முடியும்வரை பொறுத்திருந்து மூடலாம். கட்டணமில்லாக் கார்டாக மாற்றிக்கொண்டால் லிமிட்டும் பழைய கணக்கும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

வட்டிக் கடன் பக்கமே போகாதவருக்கு ஸ்கோருக்காகப் பயந்து கட்டணம் கட்டும் அவசியம் இல்லை.

மூடும் முறை

கார்டைக் கத்தரித்துக் குப்பையில் போட்டால் கணக்கு மூடியதாக ஆகாது. கட்டணத்தைக் கட்டாமல் விட்டாலும் மூடியதாக ஆகாது. அது பாக்கியாக நின்று, தாமதக் கட்டணமும் சேர்ந்து, ஸ்கோரையும் கெடுக்கும். முறையாக மூட வேண்டும்.

1. சேர்ந்திருக்கும் பாயிண்ட்களை முதலில் பயன்படுத்திவிடுங்கள். மூடிய பின் அவை பொதுவாகப் போய்விடும்.

2. கார்டில் தானாகப் பிடிக்கப்படும் செலவுகளை வேறு கணக்கிற்கு மாற்றுங்கள். இன்ஷூரன்ஸ் பிரீமியம், போன் பில், பிள்ளைகள் போட்டுவைத்த சந்தாக்கள் எல்லாவற்றையும் பாருங்கள். இன்ஷூரன்ஸ் பிரீமியம் நின்றுவிட்டால் பெரிய இழப்பு வரலாம்.

3. இஎம்ஐயாக மாற்றியவை உட்பட எல்லாப் பாக்கியையும் அடையுங்கள்.

4. மூடக் கோரிக்கை வையுங்கள். ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்டு, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள்படி, போன், மின்னஞ்சல், இணையதளம், ஆப் போன்ற வழிகளில் கோரிக்கை வைக்க வங்கி வசதி தர வேண்டும். தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. பாக்கி இல்லாத நிலையில் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் மூடும்வரை நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் வீதம் உங்களுக்கு வங்கி தர வேண்டும். கோரிக்கை எண்ணையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மனைவி, மகன் பெயரில் உள்ள கூடுதல் கார்டுகளும் ரத்தாகிவிட்டனவா என்று பாருங்கள்.

6. இரண்டு மாதம் கழித்து கிரெடிட் ரிப்போர்ட்டில் மூடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். சிபில் போன்ற ஒவ்வொரு நிறுவனமும் வருடத்திற்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும்.

வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை, இடைத்தரகரும் வேண்டாம்.

கட்டணத்தை வங்கி உயர்த்தினால் குறைந்தது ஒரு மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. அதை ஏற்க விருப்பம் இல்லாவிட்டால் கூடுதல் கட்டணம் இல்லாமல் கார்டைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

வளைகுடாவில் இருந்து வேலை முடித்து ஊர் திரும்பும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வாங்கிய கார்டை முறையாக மூடி, பாக்கியில்லாச் சான்று வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். சிறிய ஆண்டுக் கட்டணம்கூடப் பாக்கியாக நின்று ஏறிக்கொண்டே போகும். பெரிய தொகையானால் வழக்கு, பயணத் தடை என்று போகவும் வாய்ப்பு உண்டு.

வீட்டில் தெரிந்திருக்கட்டும்

கடைசியாக, பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று. கார்டு வைத்திருப்பது கணவருக்கு மட்டும் தெரியும், மனைவிக்குத் தெரியாது என்ற நிலை பல வீடுகளில் இருக்கிறது. ஒருவர் மவுத்தாகிவிட்டால், அடக்கச் செலவுக்குப் பின் அவர் சொத்தில் முதலில் அடைக்க வேண்டியது கடன். அதற்குப் பிறகுதான் வஸிய்யத்தும் வாரிசுப் பங்கீடும். கார்டு பாக்கி இருப்பதே தெரியாமல் பாகம் பிரித்துவிட்டால் அந்தக் கடன் மையித்தின் பொறுப்பில் நின்றுவிடும். ஆகவே எந்தெந்த வங்கியில் என்ன கார்டு, லிமிட் எவ்வளவு, மாதப் பாக்கி எவ்வளவு என்பதை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் நம்பிக்கையானவரிடம் சொல்லி வையுங்கள். ரகசிய எண்ணை மட்டும் எழுத வேண்டாம்.

சுருக்கமாகச் சொன்னால்: வட்டி கட்டியிருந்தால் கார்டு வேண்டாம். முழுமையாகக் கட்டுபவர், உண்மையில் பயன்படுத்திய சலுகையை மட்டும் கூட்டி, இலவசக் கார்டிலும் கிடைக்கக் கூடியதைக் கழித்து, மீதியைக் கட்டணத்தோடு ஒப்பிட வேண்டும். மீதி கட்டணத்தை விடத் தெளிவாக அதிகம் இருந்தால் வைத்திருக்கலாம். சமமாகவோ குறைவாகவோ இருந்தால் கட்டணமில்லாக் கார்டாக மாற்றுங்கள், அல்லது மூடிவிடுங்கள். கட்டணம் பில்லில் விழுவதற்கு ஒரு மாதம் முன்பே இந்தக் கணக்கைப் போட்டு முடிவெடுங்கள். வருடம் ஒரு மாலை நேரம் இதற்குப் போதும்.

நம் கையில் உள்ள பணம் அமானிதம். அது எந்த வழியில் வந்தது என்பதைப் போலவே எந்த வழியில் செலவானது என்பதற்கும் நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் கடன் சுமையில் இருந்தும் வட்டியின் தீங்கில் இருந்தும் பாதுகாத்து, நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்